கவுண்டிக் கணக்கில் இரண்டு உருப்படி

1

போன வாரம் கவுண்டி அலுவலகத்திலிருந்து, நம் ஊர் தாலுகா ஆபீஸ் மாதிரி, கடிதம் வந்தது. வருடா வருடம் வருவதுதான். கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் நிலத்தில் இப்போதும் மாடு மேய்கிறதா?

பிளானோவில் எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். எல்லார் வீட்டுத் தபால் பெட்டியிலும் கிரெடிட் கார்டு விளம்பரமும் பீட்சா கூப்பனும் வந்து விழும். மாட்டை நலம் விசாரித்துக் கடிதம் வருவது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. மறைத்து என்ன ஆகப் போகிறது?

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் நான்கு வருடத்துக்கு முந்தைய அந்த மூன்று நாள் ஞாபகம் வந்துவிட்டது. அமெரிக்காவில் எல்லாரும் கம்ப்யூட்டர் தட்டுகிறோம், ஃப்ரீவேயில் பறக்கிறோம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

2

எங்கள் வீட்டுக்காரர் சுந்தரம் திருப்பூரில் பனியன் கம்பெனி வீட்டில் பிறந்தவர். மாட்டை அவர் பார்த்ததெல்லாம் ரோட்டைக் கடக்கும்போதுதான். நான் பூங்கொடி, காங்கேயத்துக்குத் தெற்கே. அப்பா மாட்டுத் தரகர். மாட்டைப் பார்த்து அதன் வயதைச் சொல்ல எனக்குத் தெரிந்த அளவுக்கு மனுஷர்களைப் பார்த்துச் சொல்லத் தெரியாது.

அவருடைய அலுவலக நண்பர்கள் எல்லாம் ஷேர் வாங்கிய காலத்தில் இவர் நிலம் வாங்கினார். பிளானோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேர டிரைவில் எட்டு ஏக்கர், சுற்றிலும் கம்பி வேலி, ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. விற்றவர் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அவர் போனதும் கவுண்டியின் முதல் கடிதம் வந்தது.

விஷயம் இதுதான். நிலத்தில் மாடு மேய்ந்தால் விவசாய நிலத்துக்கான சின்ன வரி. மேயாவிட்டால் வீட்டுமனைக்கான பெரிய வரி, அதுவும் முந்தைய வருடங்களுக்கும் சேர்த்து. குறைந்தது இரண்டு உருப்படியாவது நிற்க வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் வந்து எண்ணிப் பார்ப்பார்.

சுந்தரம் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "வித்துடலாம் அம்மிணி. நமக்கெதுக்கு இந்தத் தொல்லை? மாட்டை யார் பாத்துக்கறது?"

"நான் பாத்துக்கறேனுங்க."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரி. அந்தத் திங்கக்கெழமைக்குள்ள ரெண்டு மாடு நின்னா நெலம் இருக்கட்டும். இல்லைன்னா விற்பனைக்குன்னு போர்டு மாட்டிடறேன்" என்றார்.

எனக்கு அந்த நிலம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்தது ஹெச்-ஃபோர் விசாவில், கணவரைச் சார்ந்து வந்தவள் என்ற கணக்கில். டிபெண்டன்ட். வேலைக்குப் போகக் கூடாது. கெமிஸ்ட்ரி பட்டம் பெட்டிக்கு அடியில் கிடந்தது. பேங்க், இன்ஷூரன்ஸ், டாக்டர் வீடு என்று எங்கே போனாலும் என் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த எட்டு ஏக்கரில் காலை வைத்தால் மட்டும்தான் நான் யாருக்கும் டிபெண்டன்ட் இல்லை என்று தோன்றும். அதையும் விற்றுவிட்டால் வாரம் ஏழு நாளும் எனக்கு லாண்டரிதான், டெலிவிஷன்தான்.

3

முதல் வேலை புல். முந்தைய மாடுகள் வேரோடு மேய்ந்துவிட்டுப் போயிருந்தன.

நிலத்திலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு கடை உண்டு. தீவனம், விதை, வேலிக் கம்பி, மாட்டு மருந்து, சட்டை, பூட்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நுழைந்ததும் எங்கள் வீட்டுக்காரர் தொப்பிப் பக்கம் போனார். அரை மணி நேரம் கழித்து அகலமான பழுப்புத் தொப்பி, கூர் மூக்கு பூட்ஸ் சகிதம் திரும்பி வந்தார். இன்னும் ஒரு மாடுகூட வாங்கவில்லை. எங்கள் மகள் மதுவுக்கு அப்போது பத்து வயது. அப்பாவைப் பார்த்துவிட்டு, "ஓ மை காட், டாட்" என்று சொல்லி உப்புக்கட்டி அடுக்குக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் தமிழில் கேட்டால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். அப்போது அது அவள் வழக்கம்.

நான் விதைப் பக்கம் போனேன். மூட்டைகளுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவள் கடைசி மூட்டையில் நின்றுவிட்டேன். கையில் பஞ்சு மாதிரி ஒட்டியது. எடுத்து ஊதிப் பார்த்தேன். கொழுக்கட்டைப் புல்! எங்கள் பக்கத்தில் மேய்ச்சல் காடு முழுக்க அதுதான். மூட்டையில் பஃபெல் என்று எழுதியிருந்தது. எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. புல்லைப் பார்த்து அழுகிறவளை அந்தக் கடைக்காரர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "அது தெற்கே மெக்சிகோ எல்லைப் பக்கத்துப் புல் மேம். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு எடுக்க வரவில்லை. இங்கே முதல் ஐஸ் விழுந்தால் செத்துவிடும். பெர்முடாப் புல் போடுங்கள்."

பெர்முடா மூட்டையும் வாங்கினேன், கொழுக்கட்டையும் ஒரு பை வாங்கினேன். வேலியோரம் தூவினேன். கோடையில் முழங்கால் உயரம் வந்தது. டிசம்பரில் ஐஸ் விழுந்தது, ஒரே ராத்திரியில் கருகிவிட்டது. கடைக்காரர் சொன்னது சொன்னபடி நடந்தது. "வருத்தமா அம்மிணி?" என்று சுந்தரம் கேட்டார். "கொஞ்சம் வருத்தந்தானுங்க. என்ன பண்றது, அதுக்கு விசா கெடைக்கல" என்றேன். பெர்முடா மட்டும் இன்றைக்கும் பாய் விரித்த மாதிரி இருக்கிறது.

4

மாட்டு ஏலம் சனிக்கிழமைகளில்தான். விதைப்பும் தண்ணீர்த் தொட்டியும் முடித்து நாங்கள் போனது கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் விட்டால் திங்கள்.

பெரிய தகரக் கட்டடம். சர்க்கஸ் மாதிரி படிப்படியாகப் பெஞ்சு, நடுவில் இரும்புக் கம்பி போட்ட வட்டம். ஒரு கதவு வழியாக மாடு வரும், ஒரு சுற்றுச் சுற்றும், இன்னொரு கதவு வழியாகப் போகும். அதற்குள் விலை முடிந்துவிடும். மேலே மேடையில் ஏலக்காரர் மூச்சு விடாமல் பாடுகிற மாதிரி விலை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. நுழைவாயிலில் எங்களுக்கும் நம்பர் போட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள். அதை நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சந்தையில் பிடித்த மாட்டை யாரும் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் விலை ஏறிவிடும். பிடிக்காத மாட்டைத் தட்டிக் கொடுப்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். பிடித்த மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை போடுவார்கள். அப்பா இதில் கெட்டிக்காரர். மாட்டுக்காரன் தானாகவே கெஞ்சி வருகிற வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நல்ல கறுப்பு மாடு ஒன்று வந்தது. நான் கூரையைப் பார்த்தேன். அது போய்விட்டது. சிவப்பு மாடு வந்தது. ஜன்னலைப் பார்த்தேன். அதுவும் போய்விட்டது. ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும், பொறுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு அவள் வந்தாள். சாம்பல் வெள்ளை, உயர்ந்த திமில், தொங்கு தாடை, மை போட்ட மாதிரிக் கண். இவளுடைய முப்பாட்டிமார் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அரை விநாடிதான் பார்த்தேன். மடி இறங்கியிருந்தது, வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. நிறைமாதச் சினை, இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. இவள்தான் வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த அளவுக்குப் பிடித்ததால் எழுந்து நின்று, முழுசாக முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"அம்மிணி, அந்த மாடு நல்லாருந்துச்சே, வேண்டாமா?" என்றார் சுந்தரம்.

"அதுதானுங்க வேணும். சும்மா இருங்க."

"அதை வேற ஒருத்தர் வாங்கியாச்சே."

"அதுக்குள்ளயா? நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலீங்களே!"

மது தன் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அம்மா, யூ ஹாவ் டு ரெய்ஸ் த கார்ட்!"

அவ்வளவுதான். நல்ல மாடுகளெல்லாம் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டன. பிறகு வந்தவை நொண்டியும் கிழடும். எட்டு ஏக்கரும் என் கண் முன்னால் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. சாமர்த்தியம் காட்டுகிறேன் என்று இப்படி முட்டாள்தனம் பண்ணுவேனா?

சாம்பல் மாட்டை வாங்கியவர் கட்டடத்துக்குள்ளேயே இருந்த சின்ன ஹோட்டலில் ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெண்டல் என்று பெயர். வயது எழுபது இருக்கும். இங்கே வாங்கி வேறு ஊர்ச் சந்தையில் விற்பது அவர் தொழில். அதாவது, என் அப்பா பார்த்த அதே வேலை. நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்த மாட்டை எனக்குக் கொடுங்கள்" என்றேன்.

"நீங்கள்தானே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள்? அங்கே பறவைக் கூடு இருக்கிறது என்று நினைத்தேன்."

ஏன் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குப் பழைய பழக்கம் விடவில்லை. மாட்டைக் குறை சொல்ல ஆரம்பித்தேன். கொம்பு கோணல் என்றேன். வயதாகிவிட்டது என்றேன். முதுகில் பாடைச்சுழி இருக்கிறது, அப்படிச் சுழி இருந்தால் எங்கள் ஊரில் தொட மாட்டார்கள் என்றேன். சுழியே அங்கே கிடையாது.

"பிறகு எதற்கு மேம் உங்களுக்கு அது?"

"பாவம் பார்த்துத்தான்."

அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "உங்கள் ஊரில் விலை எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேட்டார். துண்டுக்குக் கீழே கையைப் பிடித்து, விரலால் பேசுவோம் என்றேன். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது. ஒரு விரல் நூறு என்று வைத்துக்கொண்டால் பாதி விரல் ஐம்பது. "பேசலாமே" என்றார். துண்டு இல்லை. நான் சுந்தரத்தைப் பார்த்தேன். "ஏனுங்க, அந்தத் தொப்பியைக் கழட்டுங்க."

புதுத் தொப்பியைக் கவிழ்த்து மேஜை மேல் வைத்து, ஆளுக்கு ஒரு பக்கமாகக் கையை உள்ளே விட்டோம். எங்கள் சந்தையில் பெண்கள் துண்டுக்குக் கீழே கை விட்டு நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு மாடு தெரிந்தாலும் வண்டியில் உட்கார்ந்து வேடிக்கைதான். அப்பா இதைப் பார்த்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். நான் அவருடைய நான்கு விரலைப் பிடித்தேன். அவர் தலையாட்டாமல் என் ஐந்து விரலையும் பிடித்து, விட்டு, இன்னும் இரண்டைப் பிடித்தார். நான் கையை உதறினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்தார். வெண்டல் அவரை முறைத்தார். கடைசியில் ஐந்து விரலும் ஒரு பாதியும் என்று முடிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை வெளியே எடுத்தோம்.

"எவ்வளவுக்கு முடிஞ்சுது?" என்று சுந்தரம் என் காதில் கேட்டார்.

"செக் எழுதும்போது தெரியும்."

காருக்கு நடக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. "அம்மிணி, கவுண்டியில ரெண்டு கேட்டாங்களே?"

"ரெண்டுதானுங்க வாங்கியிருக்கோம். ஒண்ணு உள்ள இருக்குது."

"அது எப்ப வெளிய வரும்?"

"திங்கக்கெழமை மத்தியானத்துக்குள்ள வந்துரும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

5

ஞாயிறு மாலை வெண்டல் டிரெய்லரில் மாட்டைக் கொண்டுவந்து இறக்கினார். வேலியில் சாய்ந்து நின்றுகொண்டு, "கொட்டகைக்குப் பக்கத்தில் விடுங்கள். புதன்கிழமை ஈன்றுவிடும்" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்தும், பாவம் பார்த்து வாங்குகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பை சாப்பிட்டிருக்கிறார்.

"புதன் இல்லை. நாளை மத்தியானத்துக்குள்" என்றேன்.

"பார்க்கலாம். அந்தத் தொப்பி விளையாட்டு பிடித்திருந்தது, அதனால்தான் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

திங்கள் காலை ஏழு மணிக்கே மூவரும் போய்விட்டோம். மதுவுக்குக் கோடை விடுமுறை. சுந்தரம் லீவு போட்டிருந்தார். மாடு நின்று நின்று படுத்தது, படுத்துப் படுத்து எழுந்தது. பத்து மணிக்குக் கவுண்டி ஆள் வெள்ளை டிரக்கில் வந்து இறங்கினார். பெரிய மீசை, கையில் பேப்பர் செருகிய அட்டை. வேலியோரம் நடந்தார், புல்லைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். மாட்டை எண்ணினார். எண்ண ரொம்ப நேரம் ஆகவில்லை.

"ஒன்று" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"கொஞ்சம் பொறுங்கள். காபி குடிக்கிறீர்களா?" என்றேன்.

"எனக்கு இன்னும் மூன்று இடம் போக வேண்டும் மேம்."

"மத்தியானத்துக்குள் இரண்டு ஆகிவிடும்."

அவர் அப்போதுதான் மாட்டை ஒழுங்காகப் பார்த்தார். பேனாவைச் சட்டைப் பையில் போட்டார். பிளாஸ்கில் இருந்த ஃபில்டர் காபியை வாங்கிக்கொண்டு டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. இரண்டு குளம்பு வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நகரவில்லை. மாடு முக்கியது, களைத்தது, கழுத்தைத் தரையில் போட்டது. எனக்கு அப்போது கவுண்டியும் மறந்துவிட்டது, வரியும் மறந்துவிட்டது. இந்த உயிரை நான்தானே கூட்டிவந்தேன் என்ற ஒரே பயம். முட்டி போட்டு உட்கார்ந்து குளம்பைப் பிடித்தேன். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து பிடித்தது. மீசைக்காரர்தான். சட்டைக் கையைக் கூட அவர் மடித்துவிடவில்லை. அது முக்கும்போது நாங்கள் இழுத்தோம், அது நிறுத்தும்போது நிறுத்தினோம். புதுப் பூட்ஸ் போட்ட எங்கள் வீட்டுக்காரர் பத்தடி தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பரம்பரை வித்தை அவருக்கும் வந்துவிட்டது.

கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அசையவில்லை. மூக்கிலும் வாயிலும் இருந்ததை விரலால் வழித்துவிட்டேன். அப்போதும் அசையவில்லை.

"மது, ஒரு புல்லுத் தண்டு பறிச்சுட்டு ஓடியா!"

ஓடி வந்தாள். அந்தப் பெர்முடாத் தண்டைக் கன்றின் மூக்குக்குள் விட்டுத் திருகினேன். ஒரு தும்மல் போட்டது பாருங்கள், மீசைக்காரர் மீசையெல்லாம் ஈரம். மது அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான். கிடாரிக் கன்று. தாய் எழுந்து நக்க ஆரம்பித்தது.

மீசைக்காரர் கையைத் தொட்டியில் கழுவிக்கொண்டு அட்டையை எடுத்தார். ஒன்று என்று எழுதியதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார்.

"இப்பப் பொறந்ததையும் கணக்குல சேர்ப்பாங்களா?" என்று சுந்தரம் என்னிடம் மெல்லக் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை, மீசைக்காரருக்கே புரிந்துவிட்டது.

"விதியில் உருப்படி என்று மட்டும்தான் இருக்கிறது. வயது போடவில்லை" என்றார். பிறகு, "பண்ணையை நடத்துபவர் பெயர் எழுத வேண்டும்" என்றார்.

சுந்தரம் பேனாவுக்குக் கையை நீட்டினார். மீசைக்காரர் அதை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. பயம். "நான் டிபெண்டன்ட். என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. இதில் பெயர் எழுதினால் தப்பாகிவிடுமா?" என்று கேட்டேன். சுந்தரமும், "லாயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார்.

மீசைக்காரர் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். தோளிலிருந்து இடுப்பு வரை கன்றின் ஈரம்.

"மாடு வளர்ப்பது வேலை இல்லை மேம்" என்றார். "வேலை என்றால் சம்பளம் வரும்."

முழுப் பெயரையும் எழுதினேன். பூங்கொடி. கன்றின் ஈரம் காயாத கை, எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

வெண்டலுக்கு அன்றைக்கே போன் செய்து சொன்னேன். "திங்கட்கிழமையா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை ஏலத்தில் தனக்குப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். இப்போதும் அங்கேதான் உட்காருகிறேன். அட்டையைத் தூக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

போன வருடம் கிரீன் கார்டு வந்தது. டிபெண்டன்ட் போய்விட்டது. கவுண்டிக் கடிதம் மட்டும் அதற்கு முன்பிருந்தே என் பெயருக்குத்தான் வருகிறது. இந்த வருடக் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொல்லி மதுவிடம் கொடுத்தேன். பதினாலு வயதாகிவிட்டது, அவள் கையெழுத்து அழகாக இருக்கும். எத்தனை உருப்படி என்ற கட்டத்தில் ஆறு என்று எழுதப் போனவள், பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, உள்ள இருக்கறதையும் கவுண்ட் பண்ணலாமா?"

"அது மீசைக்காரரு எண்ண வர்ற நாளைப் பொறுத்தது கண்ணு" என்றேன்.